பசியில்லாமலே அளவில்லாமல் சாப்பிடுற வருத்தம்: பிஞ்ச் ஈட்டிங்குக்கு மனச்சிகிச்சை எப்பிடி நடக்குது

"வாயைக் கட்டு" எண்ட சொல்லை உடம்பு கூடின ஆக்கள் எத்தினை பேரிட்ட கேட்டிருப்பினம் எண்டதுக்குக் கணக்கில்லை, கிளினிக்கில நேர்ஸ் சொல்லுவா, வீட்டில மாமி சொல்லுவா, கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்தில இருக்கிற ஆரெண்டே தெரியாத ஆளும் சொல்லிப்போட்டுத்தான் எழும்புவார். சொல்லுற எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்லுகினம். ஆனா உடம்பு கூடின ஆக்களில ஒரு பகுதிப் பேருக்கு இருக்கிறது வாய்க்கட்டுப்பாடு இல்லாத குணம் இல்லை, அது ஒரு வருத்தம், அதுக்குப் பெயர் இருக்கு, ஆராய்ஞ்சு பாத்த வைத்தியமும் இருக்கு, அந்த வைத்தியத்தில முதல் சொல்லித்தாற பாடம் வாயைக் கட்டுறது இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுறது. இதை வன்னியில இருக்கிற எங்கட சனத்துக்கு விளங்குற மாதிரி ஒருக்கா முழுசா எழுதோணும் எண்டு கனநாளா மனசில கிடந்தது, அதால கொஞ்சம் நீட்டாத்தான் இருக்கும், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல, பிஞ்ச் ஈட்டிங் எண்டா என்ன. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போட்டு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுக்கிறது பிஞ்ச் ஈட்டிங் இல்லை. அரிவு வெட்டு முடிஞ்சு புதுசரிசிச் சோறும் விறால் குழம்பும் எண்டு மூண்டு தரம் போட்டுச் சாப்பிடுறதும் இல்லை. டொக்டர்மார் ரெண்டு விசயத்தைப் பாப்பினம். ஒண்டு, அதே நேரத்துக்குள்ள வேற ஒரு ஆள் சாப்பிடக்கூடிய அளவை விட நல்லாக் கூடவாச் சாப்பிட்டிருக்கோணும். ரெண்டாவது, இதுதான் முக்கியம், சாப்பிடுற நேரத்தில தன்ர கையை நிப்பாட்ட ஏலாது எண்ட உணர்வு இருக்கோணும். பசியில்லை, ருசி கூடத் தெரியேல்லை, ஆனா கை போய்க்கொண்டே இருக்கும். கனபேர் இதைச் சொல்லேக்க "நான் சாப்பிடேல்லை, ஆரோ எனக்குள்ள இருந்து சாப்பிட்ட மாதிரி" எண்ட கணக்கிலதான் சொல்லுவினம். அதோட வழமையை விட அவதியாச் சாப்பிடுறது, வயிறு நோகுமட்டும் சாப்பிடுறது, பசியில்லாமலே கனக்கச் சாப்பிடுறது, வெக்கத்தில ஒருத்தரும் காணாமல் தனியச் சாப்பிடுறது, சாப்பிட்டாப் பிறகு தன்னிலயே அருவருப்போ குற்ற உணர்வோ வாறது, இந்த அஞ்சில மூண்டாவது இருக்கோணும். கிழமையில ஒருக்காவது, மூண்டு மாசத்துக்கு இப்பிடி நடந்தா அதைத்தான் பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஓடர் எண்டு வருத்தமாக் கணக்கெடுப்பினம். சாப்பிட்டுப்போட்டு வேணுமெண்டு சத்தி எடுக்கிறது, பேதி மருந்து குடிக்கிறது மாதிரி வேலையள் வழமையா நடந்தா அது புலிமியா எண்ட வேற வருத்தம், அதுக்கும் வைத்தியம் இருக்கு, ஆனா இந்தக் கட்டுரை அதைப் பற்றி இல்லை.

ஒரு உதாரணம் சொல்லுறன், இது ஒரு ஆளின்ர கதை இல்லை, விளங்குறதுக்காகச் சேத்து எழுதுறது. விசுவமடுப் பக்கம் ஒரு அக்கா, கார்மென்ட்ஸ் வேலை, ரெண்டு பிள்ளையள். காலமை பிள்ளையளுக்குப் புட்டவிச்சுக் குடுத்துப்போட்டு தான் வெறும் பிளேன்டீயோட பஸ் ஏறுவா, ஏனெண்டா நேற்று ராத்திரிக் கூடச் சாப்பிட்டாச்சு, இண்டைக்குக் குறைக்கோணும். மத்தியானம் கொண்டுபோன சோத்தில ரெண்டு பிடி, மிச்சத்தை மூடி வைப்பா, பக்கத்தில இருக்கிற பிள்ளையள் "அக்கா நல்லா டயட்" எண்டு சொல்ல அவவுக்குக் கொஞ்சம் சந்தோசமாயும் இருக்கும். பின்னேரம் வந்து சமையல், பிள்ளையின்ர டியூசன் காசு, கடன்காரர் நாளைக்கு வருவினம் எண்ட யோசினை. பத்து மணிக்கு எல்லாரும் படுத்தாப் பிறகு சட்டி கழுவப் போனவ மிஞ்சின சோத்தை நிண்டபடியே சாப்பிடத் துடங்குவா, பேந்து ஆறின குழம்பு, பேந்து பிள்ளையளுக்கு எண்டு வாங்கி வைச்ச பிஸ்கட் பக்கெட், அது முடிய சீனிப் போத்தல். இருவது நிமிசத்தில எல்லாம் முடிஞ்சிடும். பிறகு பக்கெட்டைச் சுருட்டி அடுப்புக்க போட்டு எரிச்சுப்போட்டு, காலமையில இருந்து ஒண்டும் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டுப் படுப்பா. அடுத்த நாளும் பிளேன்டீதான்.

இதில எங்க பிழை நடக்குது எண்டு கேட்டா எல்லாரும் ராத்திரியைத்தான் காட்டுவினம். உண்மையில பிழை காலமையே துடங்கியாச்சு. இரணைமடுக் குளத்துக்குத் தண்ணி வந்துகொண்டே இருக்க வான்கதவை ஒண்டும் திறக்காமல் வைச்சிருந்துபோட்டு, முட்டினாப் பிறகு எல்லாத்தையும் ஒரேயடியாத் திறந்தா கீழ்ப்பக்கம் என்ன பாடுபடுமோ, பகல் முழுக்கப் பசியை அடக்கி வைச்ச உடம்புக்கும் ராத்திரி அதுதான் நடக்குது.

இதை ஆரும் சும்மா ஊகிச்சுச் சொல்லேல்லை. ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில, 1944 கடைசியில துடங்கி 1945 வரைக்கும், அமெரிக்காவில மினசோட்டா பல்கலைக்கழகத்தில அன்செல் கீஸ் எண்ட விஞ்ஞானி 36 வாலிபர்மாரை வைச்சு ஒரு பரிசோதனை செய்தவர். நல்ல சுகதேகிகள், யுத்தத்துக்குப் போக மனச்சாட்சி இடங்குடுக்காமல் தாங்களா முன்வந்த ஆக்கள். அவையளுக்கு ஆறு மாசத்துக்குக் கிட்ட நாளுக்கு ஏறக்குறைய 1570 கலோரி மட்டும் குடுத்து மெலியவிட்டவை. அந்த நேரத்தில அவையளுக்குச் சாப்பாட்டைத் தவிர வேற யோசினையே இல்லாமல் போச்சு, சமையல் குறிப்புச் சேத்தவையும் இருந்தவை. பேந்து திருப்பி நல்லாச் சாப்பாடு குடுக்கத் துடங்கினாப் பிறகு, வயிறு நிறைஞ்சாலும் பசி அடங்காமல் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்ட ஆக்கள் அதில இருந்தவை, சிலருக்கு அது மாசக்கணக்கில நீடிச்சது. அதுக்கு முதல் அவையளுக்குச் சாப்பாட்டில ஒரு பிரச்சினையும் இருக்கேல்லை. அப்ப பட்டினிதான் அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தது, குணம் இல்லை.

வன்னியில இருக்கிறவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நான் நினைக்கிறன். 2009 மாசி பங்குனி சித்திரை மாசங்களில ஒரு கோப்பை கஞ்சிக்காக வரிசையில நிண்ட ஆக்கள், பேந்து செட்டிகுளம் முகாமுக்க பார்சல் சோத்துக்கு ஓடின ஆக்கள், அந்த நேரம் சின்னப் பிள்ளையா இருந்து இப்ப இருவத்தஞ்சு முப்பது வயசாகிற ஆக்கள் எல்லாரும் எங்களுக்குள்ளதான் இருக்கினம். சாப்பாடு கிடைக்கிறது நிச்சயமில்லாத நிலையில வாழுற ஆக்களிட்ட பிஞ்ச் ஈட்டிங் கூட இருக்கு எண்டும், மனவடுப்பட்ட ஆக்களிட்டயும் அது கூட இருக்கு எண்டும் வேற நாடுகளில செய்த ஆராய்ச்சியள் சொல்லுது. எங்கட சனத்துக்கு எண்டு தனியா ஒரு கணக்கை நான் இதில சொல்ல வரேல்லை. ஆனா "அப்ப கிடைக்காமல் கிடந்து, இப்ப கிடைச்சோண்ண கண்மண் தெரியாமல் திண்டு கொழுத்திட்டுதுகள்" எண்டு ஆரும் கதைக்கிறதைக் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் எரியும். உடம்பு பட்டினியை மறக்காது, அதுக்கு ஆரையும் குற்றம் சொல்ல ஏலாது.

வருத்தத்தின்ர வரலாற்றைச் சுருக்கமாச் சொன்னா, உடம்பு கூடின ஆக்களில சிலர் இப்பிடிச் சாப்பிடுகினம் எண்டு அல்பர்ட் ஸ்டன்கார்ட் எண்ட அமெரிக்க மனநல டொக்டர் 1959லயே எழுதிப்போட்டார். ஆனா அமெரிக்க மனநல சங்கத்தின்ர கையேட்டில 1994ல பின்னிணைப்பிலதான் இடம் கிடைச்சது, தனி வருத்தமாச் சேத்தது 2013ல. உலக சுகாதார நிறுவனத்தின்ர புது வகைப்படுத்தல் 2022ல நடைமுறைக்கு வரேக்க அதிலயும் சேந்திட்டுது. அதால ஒரு டொக்டர் இதைப் பற்றிக் கனக்கப் படிக்காமல் இருந்தா ஆச்சரியப்படாதேங்கோ, வயசான டொக்டர்மார் படிச்ச காலத்தில புத்தகத்தில இது இல்லை.

உடம்பு கூடின எல்லாருக்கும் இந்த வருத்தம் எண்டு நினைக்கக் கூடாது. உடம்பு கூடின ஆக்களில கூடுதலான பேருக்கு இது இல்லை, அதே நேரம் மெல்லிசா இருக்கிற ஆக்களுக்கும் இது வரும். உடம்பு கூட எண்டதை பிஎம்ஐ எண்ட கணக்கால பாப்பினம், கிலோவில இருக்கிற நிறையை மீற்றரில இருக்கிற உயரத்தால ரெண்டு தரம் பிரிக்கிறது, 80 கிலோ நிறையும் 1.6 மீற்றர் உயரமும் எண்டா 31க்குக் கிட்ட வரும். எங்கட ஆசியச் சனத்துக்கு 23க்கு மேல போனாலே கவனிக்கோணும், 27.5க்கு மேல போனா ஆபத்துக் கூட எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர நிபுணர் குழு 2004ல சொன்னது. இன்னொரு விசயம், இது பொம்பிளையளின்ர வருத்தம் மட்டும் இல்லை. அமெரிக்காவில 2007ல வந்த பெரிய கணக்கெடுப்பில வாழ்நாளில எப்பவாவது இந்த வருத்தம் வந்த பொம்பிளையள் நூறில 3.5, ஆம்பிளையள் 2. எங்கட ஆம்பிளையள் இதை வெளியில சொல்லுறதே இல்லை, பரந்தன் சந்தியில லொறியை நிப்பாட்டிப்போட்டுத் தனிய ரெண்டு கொத்து ரொட்டி சாப்பிட்டு, வீட்டை வந்து ஒண்டும் தெரியாத மாதிரித் திரும்பவும் சாப்பிடுற அண்ணையை ஒருத்தரும் வருத்தக்காரன் எண்டு நினைக்கமாட்டினம், "நல்லாச் சாப்பிடுவான்" எண்டுதான் சொல்லுவினம்.

இனி வைத்தியத்துக்கு வருவம். கூட ஆராய்ஞ்சு பாத்ததும் கூட நம்பிக்கை உள்ளதும் சிபிடி எண்டு சொல்லுற, யோசினையையும் பழக்கத்தையும் சேத்து மாத்துற முறை. இங்கிலாந்தில ஒக்ஸ்போர்டில கிறிஸ்டோபர் பெயர்பேர்ன் எண்டவர் 1980களில புலிமியாவுக்கு எண்டு துடங்கினது, பிறகு பிஞ்ச் ஈட்டிங்குக்கும் பொருந்தும் எண்டு கண்டுபிடிச்சவை. இதில சோபாவில படுத்துச் சின்ன வயசுக் கதையைச் சொல்லுற வேலை ஒண்டும் இல்லை. முதல் கிழமை ஒரு கொப்பிதான் தருவினம்.

அந்தக் கொப்பியில நேரம், என்ன சாப்பிட்டது, எங்க இருந்து சாப்பிட்டது, கைமீறிப் போன மாதிரி இருந்தா பக்கத்தில ஒரு நட்சத்திரம், அந்த நேரம் மனசில என்ன ஓடினது, இவ்வளவுதான் எழுதோணும். கலோரி எழுதத் தேவையில்லை. சாப்பிட்ட கையோட எழுதோணும், ராத்திரி யோசிச்சு எழுதினா பாதி மறந்திடும், மற்றப் பாதியை வெக்கம் மறைச்சிடும். போனில எழுதினாலும் சரி. இது பாக்கச் சின்ன வேலை மாதிரி இருந்தாலும் வைத்தியத்தின்ர முக்கால்வாசி இதிலதான் தங்கியிருக்கு, ஏனெண்டா ரெண்டு மூண்டு கிழமை எழுதினாப் பிறகு தானாவே ஒண்டு தெரியத் துடங்கும், எங்கட விசுவமடு அக்கா எண்டா நட்சத்திரம் எல்லாம் திங்கக்கிழமை ராத்திரியில கிடக்கும், கடன்காரர் வாறது செவ்வாய். அதுவரைக்கும் அவ "நான் எப்பவும் இப்பிடித்தான்" எண்டு நினைச்சுக்கொண்டிருந்திருப்பா, இல்லை, எப்பவும் இல்லை, திங்கக்கிழமையிலதான்.

அடுத்தது நேரத்துக்குச் சாப்பிடுறது. மூண்டு நேரச் சாப்பாடு, இடையில ரெண்டு சின்னச் சாப்பாடு, மூண்டு நாலு மணித்தியாலத்துக்கு மேல வயித்தைக் காயவிடக் கூடாது. காலமை ஆறரைக்குப் புட்டும் சம்பலுமோ ரெண்டு துண்டுப் பாணும் பருப்புமோ, பத்து மணிக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு பிடி கச்சானோ, ஒரு மணிக்குச் சோறு, நாலு மணிக்கு அவிச்ச கடலையோட தேத்தண்ணி, ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு. துடக்கத்தில என்ன சாப்பிடுறது எண்டதை மாத்தச் சொல்லமாட்டினம், எப்ப சாப்பிடுறது எண்டதைத்தான். நேற்று ராத்திரி ஒரு பிஞ்ச் நடந்திருந்தாலும் இண்டைக்குக் காலமைச் சாப்பாட்டை விடக் கூடாது, இதுதான் கனபேருக்குக் கஷ்டமான இடம். "ஐயோ, இப்பிடிச் சாப்பிட்டா இன்னும் கொழுத்திடுவன்" எண்டு பயப்பிடுவினம். ஆனா வழமையா அப்பிடி நடக்கிறதில்லை, பகல்ல கூடுற சாப்பாட்டை விட ராத்திரியில குறையுற சாப்பாடு கனக்க. வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி, வேதக்காரர் எண்டா தவக்கால ஒறுத்தல், இதுகளையும் சிகிச்சை நேரத்தில சிகிச்சை செய்யிறவரோட கதைச்சு முடிவெடுக்கிறது நல்லது, ஒரு சில மாசம் தண்ணியும் பழமும் எண்ட விரதத்தை விட்டு மரக்கறிச் சாப்பாட்டோட நிப்பாட்டினா முருகன் கோவிக்கப் போறதில்லை எண்டு நான் மனசார நம்புறன்.

ஒரு ரெண்டு மாசத்தில நட்சத்திரம் குறையத் துடங்கும். ஆனா முழுசாப் போகாது. மிஞ்சுறது பசியால வாறதில்லை, மனசால வாறது. இதுக்கு ரெண்டு வேலை. ஒண்டு, சாப்பிடோணும் எண்ட உந்துதல் வரேக்க அது ஏறிப்போட்டுத் தானா இறங்கும் எண்டதை அனுபவத்தில பழகிறது, அந்த நேரத்துக்குச் செய்யக்கூடிய, கையையும் மனசையும் பிடிச்சு வைக்கிற வேலையள் நாலஞ்சை முதலே எழுதி வைக்கிறது: தங்கச்சிக்குக் கோல் எடுக்கிறது, முத்தத்தில நடக்கிறது, குளிக்கிறது, பூவரசு வேலிப்பக்கம் இருக்கிற அயலட்டையோட கதைக்கிறது. ரிவி பாக்கிறது அவ்வளவு உதவாது, அதுக்கு முன்னால இருந்துதானே கனபேர் சாப்பிடுறது. மற்றது, பிரச்சினையைப் பிரச்சினையாவே தீர்க்கப் பழகிறது. திங்கக்கிழமை ராத்திரியின்ர பிரச்சினை பிஸ்கட் இல்லை, செவ்வாய்க்கிழமைக் காசு. அதை எழுதி, என்னென்ன வழி இருக்கு எண்டு நல்லது கெட்டது பாக்காமல் எல்லாத்தையும் எழுதி, ஒவ்வொண்டாலயும் என்ன வரும் எண்டு பாத்து, ஒண்டைத் தெரிஞ்சு செய்து, அடுத்த நாள் அது எப்பிடிப் போச்சுது எண்டு பாக்கிறது. நுண்கடன் எங்கட இடங்களில குடும்பங்களைப் படுத்தின பாடு தெரிஞ்ச ஆக்களுக்கு, ஒரு கொப்பியால கடன் தீராது எண்டதும் தெரியும். ஆனா அந்தப் பயத்தைத் தனியக் குசினிக்க நிண்டு விழுங்காமல், நேற்று வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாததை மனுசனிட்டயோ அக்காட்டயோ சொல்லுற அளவுக்கு வந்தாலே ராத்திரி மாறும்.

யோசினையளையும் பாப்பினம். "ஒரு பிஸ்கட் திண்டாச்சு, இண்டைக்கு எல்லாம் போச்சு, இனி நாளைக்குப் பாப்பம்" எண்டு வாற நினைப்புத்தான் ஒரு பிஸ்கட்டை ஒரு பக்கெட்டாக்குறது. தொடவே கூடாது எண்டு விலக்கி வைச்ச சாமானுகளை, கேக், ரோல்ஸ், கொத்து எண்டு ஒரு பட்டியல் இருக்கும், மனசு ஆறுதலா இருக்கிற நாளாப் பாத்து அளவோட திருப்பிச் சேப்பினம், விலக்க விலக்கத்தான் அதுக்குப் பலம் கூடும் எண்டபடியால். உடம்பைப் பற்றின வெக்கமும் இதுக்க வரும். போட்டோவுக்கு நிக்காமல் ஒளியிறது, கலியாண வீட்டுக்குப் போகாமல் சாட்டுச் சொல்லுறது, இல்லாட்டி நாளுக்கு நாலு தரம் நிறை பாக்கிறது, இதெல்லாம் வருத்தத்தைத் தாங்கி நிக்கிற தடியள். நிறை கிழமைக்கு ஒருக்கா மட்டும் பாக்கச் சொல்லுவினம். முடிவில, பிஞ்ச் ஒருக்காத் திரும்பி வந்தா என்ன செய்யிறது எண்டு முதலே எழுதிவைப்பினம், ஏனெண்டா வரும், வந்தா அது ஒரு சறுக்கல், பழையபடி எல்லாம் போச்சு எண்ட அர்த்தம் இல்லை.

ரெண்டாவது முறை ஐபிடி, இதில சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிறதே குறைவு, மனுசரைப் பற்றித்தான் கதை. ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970களில மனச்சோர்வுக்கு எண்டு உருவாக்கினது. நாலு இடத்தில எது நோகுது எண்டு பாப்பினம்: ஒருத்தரை இழந்த துக்கம், ஆரோடயும் தீராத பிணக்கு, வாழ்க்கையில வந்த பெரிய மாற்றம், ஆரும் இல்லாத தனிமை. இதை வாசிக்கேக்க எனக்கு வன்னியை நினைச்சு எழுதின மாதிரித்தான் இருந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010ல வன்னி மக்களின்ர கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினவர், ஒரு ஆளின்ர மனசு மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேந்தே காயப்பட்டிருக்கு எண்டு. 2017 மாசி 20ல இருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட இருந்த அம்மாமாரை எல்லாருக்கும் தெரியும். பொட்டு வைக்கிறதோ விடுறதோ, திவசம் செய்யிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் பதினஞ்சு வருசத்துக்கு மேல இருக்கிற துக்கம் எங்கயாவது போய்த்தானே நிக்கோணும். ஒருத்தருக்கு அது நித்திரையில நிக்கும், ஒருத்தருக்குக் குடியில, ஒருத்தருக்குச் சோத்துப் பானையில. ஐபிடியில அந்தத் துக்கத்துக்கு ஒரு பெயர் வைச்சு, அதைப் பற்றிக் கதைக்க ஒரு இடம் குடுத்து, இப்ப உயிரோட இருக்கிற ஆக்களோட உறவைத் திருப்பிக் கட்டப் பாப்பினம். 2010ல அமெரிக்காவில 205 பேரை வைச்சுச் செய்த ஒரு ஆராய்ச்சியில ஒரு பகுதிக்கு ஐபிடி, ஒரு பகுதிக்கு வழிகாட்டலோட தாங்களா செய்யிற சிபிடி, ஒரு பகுதிக்குச் சாப்பாட்டைக் குறைச்சு உடற்பயிற்சி செய்யிற நிறைகுறைப்பு. ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்கேக்க பிஞ்ச் ஈட்டிங்கை நிப்பாட்டுறதில முதல் ரெண்டும் நிறைகுறைப்பை விட நல்லா இருந்தது.

டிபிடி எண்டு மூண்டாவது ஒண்டும் இருக்கு, கோவம், கவலை, தவிப்பு வரேக்க அதைத் தாங்கப் பழக்குறது. உணர்ச்சி பொங்கினாத்தான் சாப்பிடுறன் எண்டு சொல்லுற ஆக்களுக்குப் பொருந்தும்.

இப்ப எல்லாரும் கேக்கிற கேள்வி: இதால மெலியலாமோ? நேராச் சொல்லுறன், பெரிசா மெலியாது. சிபிடி முடிச்ச ஆக்களில பாதிப் பேருக்குக் கிட்ட பிஞ்ச் முழுசா நிக்குது, மற்ற ஆக்களில கனபேருக்குக் குறையுது, ஆனா நிறையில மாற்றம் கொஞ்சம்தான். இங்கிலாந்தில வைத்தியத்துக்கு வழிகாட்டி எழுதுற நைஸ் எண்ட நிறுவனம் 2017ல வெளிவிட்ட வழிகாட்டியில, இந்தச் சிகிச்சையால நிறை குறையிறது குறைவு, நிறைகுறைப்பு இந்தச் சிகிச்சையின்ர இலக்கும் இல்லை எண்டு வருத்தக்காரருக்குத் துடக்கத்திலயே சொல்லோணும் எண்டு எழுதியிருக்கு. அதைக் கேட்டு மனம் சோரக் கூடாது. பிஞ்ச் நிண்டா நிறை ஏறிக்கொண்டு போறது நிக்க இடம் இருக்கு, சுகர் ராத்திரியில எகிறுறது குறையும், தன்னைத் தானே வெறுக்கிறது குறையும், கலியாண வீட்டுக்குப் போக மனம் வரும். பிஞ்ச் அடங்கினாப் பிறகு நிறையைப் பற்றி டொக்டரோட கதைச்சுச் செய்யிற வேலையும் நிண்டு பிடிக்கும். பிஞ்ச் இருக்கேக்க கடும் டயட் போட்டா என்ன நடக்கும் எண்டு மேல சொல்லியாச்சு.

மருந்து எண்டு பாத்தா, மனச்சோர்வுக்குக் குடுக்கிற சில குளிசையள் பிஞ்சைக் கொஞ்சம் குறைக்கும், 2015ல அமெரிக்காவில லிஸ்டெக்ஸ்அம்ஃபெட்டமின் எண்ட ஒண்டுக்கு இந்த வருத்தத்துக்கு அனுமதி குடுத்தவை, அதுவும் நிறை குறைக்கிறதுக்கு இல்லை. நைஸ் வழிகாட்டி மருந்தை மட்டும் தனிய நம்பவேண்டாம் எண்டுதான் சொல்லுது. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிற ஆக்கள் சாப்பாட்டு நேரத்தை மாத்த முதல் கட்டாயம் டொக்டரிட்டச் சொல்லோணும், சுகர் இறங்கிப்போனா ஆபத்து. இன்னொண்டு, மனவருத்தத்துக்குக் குடுக்கிற சில மருந்துகள், ஒலன்சபின் மாதிரி, பசியைக் கூட்டும். அது தெரிஞ்சா டொக்டரிட்டக் கதையுங்கோ, தாங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ.

எங்க போறது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆசுப்பத்திரியளில மனநலப் பிரிவு இருக்கு, காசு இல்லை. "விசர் ஆசுப்பத்திரிக்குப் போறா" எண்டு சனம் கதைக்கும் எண்ட பயம் இருந்தா முதல் வெளிநோயாளர் பிரிவிலயோ சுகர் கிளினிக்கிலயோ கதைச்சுத் துண்டு எழுதுவிச்சுக்கொண்டு போகலாம். 35 வயசு தாண்டினவை எண்டா ஆசுப்பத்திரியில இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில நிறை, பிரஷர், சுகர் பாக்கேக்க அங்கயும் சொல்லலாம். 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலயும் கதைக்கலாம், சாகோணும் போல இருக்கு எண்ட நினைப்பு வந்தா ஒரு நிமிசமும் யோசிக்காமல் எடுங்கோ.

மாங்குளத்துக்கு அங்கால, துணுக்காய் மல்லாவிப் பக்கம் இருக்கிறவை கிழமைக்கிழமை பஸ் ஏறிக் கிளிநொச்சி போறது லேசில்லை, நாள்கூலியும் போகும். அதுக்குத்தான் நைஸ் முதல்படியாச் சொல்லுற முறை எங்களுக்கு நல்லாப் பொருந்தும் எண்டு நான் நினைக்கிறன்: வழிகாட்டலோட தாங்களா செய்யிறது. வருத்தக்காரர் கொப்பியை எழுதி, நேரத்துக்குச் சாப்பிட்டு வேலையைச் செய்வினம், 16 கிழமைக்குள்ள நாலு தொடக்கம் ஒம்பது தரம், ஒரு தரத்துக்கு 20 நிமிசம் பயிற்சியுள்ள ஒரு ஆள் கதைச்சு உற்சாகப்படுத்தி எங்க தடக்குது எண்டு பாப்பார். நாலு கிழமையில சரிவராட்டி, குழுவா 16 கிழமை, கிழமைக்கு ஒண்டரை மணித்தியாலம், இல்லாட்டித் தனிய 16 தொடக்கம் 20 தரம். 20 நிமிசக் கதையை ஒரு உளசமூக உத்தியோகத்தர் போனிலயும் செய்யலாம். எங்கட மாவட்டங்களில இருக்கிற இந்த உத்தியோகத்தர்மாருக்கு இதுக்கெண்டு ஒரு பயிற்சி தமிழில குடுக்கோணும், பெரிய கட்டிடமோ மெசினோ தேவையில்லை.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. பிஸ்கட் பக்கெட்டைப் பூட்டி வைக்காதேங்கோ, குப்பைக்க பக்கெட் கண்டா பிள்ளையளுக்கு முன்னால கேக்காதேங்கோ, சட்டியை எட்டிப் பாத்து "திரும்பவுமோ" எண்டு சொல்லாதேங்கோ. காலமை ஒரு கோப்பையில புட்டைப் போட்டுக் குடுத்து "சாப்பிட்டுட்டுப் போ பிள்ளை" எண்டு சொல்லுங்கோ, அந்த ஒரு வேலையே சிகிச்சையோட சேரும்.

டொக்டரிட்டப் போய் என்னெண்டு துடங்கிறது எண்டு தெரியாட்டி இதை அப்பிடியே சொல்லுங்கோ, வெக்கமா இருந்தா ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ: "டொக்டர், கிழமைக்கு இத்தினை தரம் பசியில்லாமலே கனக்கச் சாப்பிடுறன், அந்த நேரம் நிப்பாட்ட ஏலாமல் இருக்கு, சத்தி எடுக்கிறேல்லை, இவ்வளவு மாசமா இருக்கு, எனக்கு டயட் சீட்டுக்கு முதல் இதுக்கு உதவி வேணும்."